பதிவு வராமல் நிற்கும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, தனியாளாக வலைப்பதிவு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவது, திருத்துவது, படம் எடுப்பது, தளத்தைப் பராமரிப்பது எல்லாம் ஒரே ஆள் என்றால் இது உங்களுக்குத்தான். நான்கு பேர் சம்பளத்துக்கு வேலை செய்யும் தளங்களின் சிக்கல் வேறு, அதை இங்கே தொடவில்லை.

பதிவுகள் தடைபட்டதும் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது "எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது" என்பதுதான். இதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சோம்பேறியாக இருப்பவர் யாரும் கூலியில்லாத ஒரு வேலைக்காக ராத்திரி பதினோரு மணிக்கு மடிக்கணினியைத் திறப்பதில்லை. அட்டவணையை நம்முடைய நல்ல வாரத்தை மனதில் வைத்துப் போடுகிறோம், அங்கேதான் கோளாறு. குழந்தைக்குக் காய்ச்சல் வராத, அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்க வேண்டியிராத, ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாத, கரண்ட் போகாத ஒரு வாரம். அப்படிப்பட்ட வாரம் வருஷத்தில் எத்தனை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அட்டவணை தாங்க வேண்டியது மோசமான வாரத்தை. கீழே சொல்லப்போகும் வழிகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் தளத்தின் பதிவுப் பட்டியலைத் திறந்து, கடைசியாக வந்த பதினைந்து பதிவுகளின் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அது எப்போது எழுதி முடிந்தது (முந்தைய இரவா, ஒரு வாரம் முன்பா), எழுதும்போது மனநிலை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிற வரை குறியுங்கள். இடைவெளி மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகிறதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே இடத்தில் அறுந்துவிட்டதா, ஒவ்வொரு மாதமும் அதே சமயத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் கேட்காது.

அறிகுறி: ஆரம்ப வேகம் இரண்டு மாதத்தில் அடங்கிவிடுகிறது

இதுதான் எல்லாரிடமும் பார்ப்பது. வாரம் மூன்று பதிவு என்று அறிவிப்போடு தொடங்கி, வாரம் இரண்டாகி, ஒன்றாகி, அப்புறம் பொங்கல் வாழ்த்து மட்டும் வரும் தளங்கள் நமக்கு நிறையத் தெரியும்.

காரணம், ஒரு பதிவுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை நாம் அளப்பதில்லை, ஊகிக்கிறோம். ஊகம் எப்போதும் குறைவாகத்தான் வரும். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இந்தச் சாய்வுக்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். 1994-ல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது ஏறக்குறைய 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். இதில் என்னை உட்கார வைத்தது வேறொரு விஷயம்: எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாளாகும் என்றும் அவர்களிடம் கேட்டிருந்தார்கள், அந்தப் பதிலின் சராசரிகூட 49 நாளுக்குள்தான் இருந்தது. நம்முடைய மோசமான ஊகமே நிஜத்தைவிட நல்லதாக இருக்கிறது என்றால் ஊகத்தை நம்பி அட்டவணை போடவே கூடாது.

அதனால் அளந்து பாருங்கள். அடுத்த நான்கு பதிவுகளுக்கு மட்டும், படித்தது, குறிப்பெடுத்தது, எழுதியது, திருத்தியது, படம், பதிவேற்றம், பகிர்ந்தது என்று தனித்தனியாக நேரம் எழுதி வையுங்கள். எழுதுவதற்குப் பாதி நேரம்கூட ஆகவில்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரியும். சமையல் பதிவு என்றால் பகல் வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும், அளவு சரியா என்று இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். கோயில், கல்வெட்டு என்று எழுதுகிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பஸ்ஸிலேயே போய்விடும். இதெல்லாம் பதிவின் நேரம்தான்.

அப்புறம் கணக்கு எளிது. ஒரு பதிவுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது, உங்கள் மோசமான வாரத்தில் கிடைப்பது மூன்று மணி நேரம் என்றால், உங்கள் வேகம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. நல்ல வாரத்தில் எட்டு மணி நேரம் கிடைத்தால் அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது, அதை வேகத்தில் சேர்க்காதீர்கள்.

"அடிக்கடி போடாவிட்டால் ஆள் வராது" என்ற பயம் வரும். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பலருடைய புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் 2004-ல் வந்து, பின்னால் மற்ற திரட்டிகளும் வந்த நாட்களில் புதிய பதிவு மேலே ஏறும், கொஞ்ச நேரத்தில் மற்றவர்களின் பதிவு வந்து அதைக் கீழே தள்ளும், மறுபடி கண்ணில் பட வேண்டுமானால் மறுபடி எழுதத்தான் வேண்டும். இன்றைக்கு வாசகர் வருவது தேடலில், வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய இணைப்பில், மின்னஞ்சலில். திரட்டி போய்விட்டது, திரட்டிக் காலத்து அவசரம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. தேடலைப் பொறுத்தவரை, தளம் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பதிவுகளைக் குவிப்பதால் தரவரிசை ஏறாது என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது.

இன்னொரு பக்கம், தினம் எழுதுகிறவர்களைப் பார்த்து வரும் ஏக்கம். தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் ஜெயமோகனின் வெண்முரசு: 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக வந்து 26 நாவல்களாக முடிந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அங்கேயும் இடைவெளி விடப்பட்டது என்பதையும், எழுத்தையே முழுநேர வாழ்க்கையாகக் கொண்டவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் இருந்துவிட்டு வருகிறவர் அதே அளவுகோலில் தன்னை நிறுத்திக்கொள்வது அநியாயம்.

அறிகுறி: ஒவ்வொரு பதிவும் முந்தைய இரவில்தான் முடிகிறது

பதிவு தவறவில்லை, சரியாகத்தான் வருகிறது. ஆனால் சனிக்கிழமை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் தங்களுக்குக் கோளாறே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், பின்னால் அறுந்து விழுவதும் இவர்கள்தான், ஏனென்றால் ஒரே ஒரு காய்ச்சல் போதும்.

இங்கே இல்லாதது கையிருப்பு. வீட்டுத் தொட்டியைப் போலத்தான் இது: குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிரப்பிக்கொண்டால் வராத நாளில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகை அலுவலகங்களில் இது வழக்கமான நடைமுறை, தீபாவளி மலரை யாரும் தீபாவளிக்கு முந்தைய வாரம் எழுத ஆரம்பிப்பதில்லை. தனியாளுக்கு மூன்று பதிவு கையிருப்பில் இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் சேர்த்தால் பழைய சரக்காகிவிட்டது என்று நமக்கே தோன்றி, திறந்து திருத்த ஆரம்பித்துவிடுவோம்.

கையிருப்பை எப்படிச் சேர்ப்பது? "இந்த விடுமுறையில் உட்கார்ந்து நான்கு எழுதிவிடுகிறேன்" என்பது நடக்காது, விடுமுறையில் வீட்டுக்கு ஆள் வருவார்கள். இப்போது வாரம் ஒன்று எழுதுகிறீர்கள் என்றால் எழுதுவதை அப்படியே வாரம் ஒன்றாக வைத்துக்கொண்டு வெளியிடுவதை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். எட்டு வாரத்தில் நான்கு சேரும். இடையில் ஒரு வாரம் தவறினாலும் மூன்று இருக்கும். வாசகர்களுக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

கையிருப்பில் போடுவது நாள் கடந்தாலும் கெடாத விஷயமாக இருக்க வேண்டும். தேர்தல் முடிவைப் பற்றியோ போன வாரம் வந்த படத்தைப் பற்றியோ எழுதியதைக் கையிருப்பில் வைத்தால் அது மூன்றாம் வாரம் குப்பை. அப்புறம் இரண்டு கட்டுப்பாடு. உற்சாகமான வாரத்தில் இரண்டைச் சேர்த்து வெளியிடாதீர்கள். கையிருப்பு ஒன்றுக்கு இறங்கினால், அது மறுபடி மூன்றாகும் வரை வெளியிடும் வேகத்தைத் தானாகப் பாதியாக்குங்கள், அதற்குத் தனியாக வருத்தப்பட்டு முடிவெடுக்க வேண்டாம், முன்பே போட்ட விதி அது.

கூடவே இன்னொரு காரணமும் இருக்கும்: எல்லா வேலையையும் ஒரே உட்காரலில் செய்வது. என்ன எழுதுவது என்று யோசிப்பது, எழுதுவது, எழுதியதைக் குறை சொல்லித் திருத்துவது மூன்றும் ஒன்றோடொன்று மோதும் வேலைகள். ஒரு வரி எழுதி, அதை அழித்து, படம் தேடப் போய், திரும்பி வந்து மறுபடி முதல் வரியையே திருத்திக்கொண்டிருந்தால் ஐந்து மணி நேரம் போகத்தான் செய்யும். குறிப்பு ஒரு நாள், கரடுமுரடான முதல் வரைவு இன்னொரு நாள், திருத்தம் நடுவில் ஓர் இரவாவது தூங்கி எழுந்த பிறகு. இப்படிப் பிரித்தால் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத் துண்டாகிவிடும், மோசமான வாரத்திலும் அந்த முக்கால் மணி எங்காவது கிடைக்கும்.

அறிகுறி: தலையில் இருக்கிறது, விரலுக்கு வர மாட்டேன் என்கிறது

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய கோளாறு இது, வெளிநாட்டு ஆலோசனைகளில் இதைப் பார்க்க முடியாது. ஆங்கில எழுத்தை ஒலிபெயர்த்துத் தட்டுகிறவர்கள் ஒரு சொல்லுக்கு நிறைய விசைகள் அடிக்கிறார்கள், நடுவில் ல, ள, ழ தவறாக விழுந்தால் திரும்பிப் போய்த் திருத்துகிறார்கள், ஆயிரம் சொல் முடிவதற்குள் சொல்ல வந்த சூடு ஆறிவிடுகிறது. நீண்ட பதிவு எழுதுகிறவர் என்றால் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், ங-வுக்குப் பின் க அடித்தாலும் அப்படியே. முதல் சில வாரம் கை முரண்டு பிடிக்கும், அந்தச் சமயத்தில் அதில் புதுப் பதிவு எழுத முயலாதீர்கள், கையிருப்பில் ஓட்டுங்கள்.

அதற்குப் பொறுமை இல்லையென்றால் கைபேசியில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. கூகுள் விசைப்பலகை தமிழை ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. பேசி எழுதினால் வாக்கியம் நீளும், ஒற்று விடுபடும், ர, ற மாறும், ஆனால் முதல் வரைவுக்கு அதெல்லாம் பரவாயில்லை. திருத்தும் நாளில் வாணி பிழைதிருத்தியிலும் நாவி சந்திப்பிழை திருத்தியிலும் போட்டுப் பார்த்துவிடலாம், அவை சொல்வதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து.

அறிகுறி: வரைவுகள் குவிந்து கிடக்கின்றன, வெளிவருவது ஒன்றுமில்லை

யோசனைக்குப் பஞ்சமில்லை, முடிக்கத்தான் முடியவில்லை. ஒரு வரைவைத் திறந்து, "இந்தப் பதிவு வாசகருக்கு என்ன சொல்கிறது?" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அது இன்னும் பதிவு ஆகவில்லை, வெறும் குறிப்பு, குறிப்பேட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். வாக்கியத்தில் "அப்புறம்", "மேலும்" என்று இரண்டு மூன்று இணைப்புகள் வந்தால் அது மூன்று பதிவு. "சோழர் காலத்து நீர்ப்பாசனம்" என்ற வரைவு ஒருநாளும் முடியாது. "உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றி என்ன இருக்கிறது" என்பது ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆறு மாதமாகத் தொடாத வரைவை அழித்துவிடச் சொல்வேன். கேட்க வலிக்கும். உண்மையாகவே எழுத வேண்டியதாக இருந்தால் அது திரும்ப வரும்.

அறிகுறி: உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே தோன்றவில்லை

உட்கார்ந்த பிறகு யோசிக்க ஆரம்பிப்பதுதான் பிரச்சினை. விஷயங்கள் பஸ்ஸிலும் சமையலறையிலும் தோன்றும், மேசை முன்னால் தோன்றாது. வாட்ஸ்ஆப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அது போதும், இதற்கென்று தனி ஆப் எதுவும் தேவையில்லை. யாராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டு நீங்கள் ஐந்து நிமிஷம் பதில் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியை அப்படியே அவர் கேட்ட சொற்களிலேயே குறித்து வையுங்கள். அதுவே ஒரு பதிவு, தலைப்பும் கிடைத்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது வருஷத்தை மாதவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. நம்மூர் வருஷத்துக்கு ஒரு தாளம் உண்டு. மாசி, பங்குனியில் மாவடு வரும், சித்திரை வெயிலில் வடாம், வற்றல். மே மாதம் பரீட்சை முடிவுகள், என்ன படிப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு. ஆடியில் அம்மன் கோயில் கூழ், ஆடிப்பெருக்கு, புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது, ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம், டிசம்பரில் சென்னை இசை விழா, அதை ஒட்டிப் புத்தகக் காட்சி. உங்கள் துறை எதுவாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் பத்து இடத்திலாவது அது தொட்டுக்கொண்டிருக்கும். வடாம் பற்றிய பதிவை வெயில் ஏறுவதற்கு முன்பே வெளியிட வேண்டும், அதைப் போன வருஷம் வடாம் போட்டபோதே படமெடுத்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் இப்படி முன்கூட்டியே குறித்துவிட்டால் அடுத்த வருஷத்தின் பாதி கையில் இருக்கிறது.

பழைய பதிவைப் புதுப்பிப்பதும் கணக்கில் சேரும். மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய பயணக் குறிப்பில் பஸ் நேரம் மாறியிருக்கும், கட்டணம் ஏறியிருக்கும், அதைச் சரிசெய்து தேதியோடு வெளியிட்டால் புதிய பதிவு ஒன்றைவிட அது அதிகம் பேருக்குப் பயன்படலாம். எழுதும் இயந்திரத்திடம் கேட்டு இடத்தை நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் ஊர், உங்கள் கை, உங்கள் அனுபவம் என்றுதான் வாசகர் வருகிறார், அந்த வாரம் பதிவே இல்லாவிட்டால் அவர் பொறுத்துக்கொள்வார்.

அறிகுறி: நேரம் குறித்து வைத்தேன், ஆனால் வெளியாகவில்லை

இது சின்னக் கோளாறுதான், ஆனால் இரண்டு முறை நடந்தால் கையிருப்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும். அதனால் உடனே சரிசெய்யுங்கள்.

முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். வேர்ட்பிரஸை நிறுவும்போது அது பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 6 மணி என்று நீங்கள் குறித்தது நம் கடிகாரத்தில் 11:30-க்குத்தான் வரும். பொது அமைப்புகளில் போய்க் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று மாற்றுங்கள். பிளாகரிலும் அமைப்புகளில் நேர மண்டலம் தனியாக இருக்கிறது. அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தால் காலைப் பதிவு நமக்கு மாலை 6:30-க்கோ 7:30-க்கோ வரும், அங்கே கோடைக்கால நேரம் நடக்கிறதா என்பதைப் பொறுத்து.

நேரம் சரியாக இருந்தும் வேர்ட்பிரஸில் "மிஸ்டு ஷெட்யூல்" என்று சிவப்பில் காட்டினால் காரணம் வேறு. வேர்ட்பிரஸுக்குள் குறித்த வேலைகளை ஓட்டும் பகுதிக்குக் கிரான் என்று பெயர். அது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, யாராவது தளத்துக்கு வரும்போதுதான் "செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா" என்று பார்க்கும். விடிகாலையில் யாரும் வராத சின்னத் தளத்தில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கேச் பிளகின் போட்டிருந்தால் ஆள் வந்தாலும் சேமித்து வைத்த பக்கமே போய்விடுவதால் அப்போதும் அது ஓடாமல் போகலாம். தீர்வு: வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் (wp-config.php) உள்கிரானை நிறுத்தும் வரியைச் சேர்த்துவிட்டு, ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் கிரான் ஜாப் பகுதியில் வேர்ட்பிரஸின் கிரான் கோப்பைப் (wp-cron.php) பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழைக்கும்படி வைப்பது. ஹோஸ்டிங் உதவிப் பிரிவுக்கு இந்த இரண்டு வரியை எழுதி அனுப்பினாலே செய்து கொடுத்துவிடுவார்கள். அதுவரை வெளியீட்டு நேரத்தை ஆள் நடமாட்டம் உள்ள நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

அறிகுறி: எழுதியதைவிட எழுதிய பின் செய்யும் வேலை அதிகம்

பேஸ்புக்குக்கு ஒரு சுருக்கம், எக்ஸுக்கு ஒரு துண்டு, இன்ஸ்டாகிராமுக்கு அட்டை, வாட்ஸ்ஆப் சேனலுக்கு ஓர் அறிவிப்பு, நடுவில் யூடியூபிலும் போடலாமே என்று ஒரு நண்பர். ஒரு பதிவு ஐந்து வேலையாகிவிடுகிறது. உங்கள் வாசகர் எங்கிருந்து வருகிறார் என்று புள்ளிவிவரத்தில் ஒருமுறை பாருங்கள், முதல் இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். பார்வை எண்ணிக்கையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வெளியிட்ட அன்றைக்கே அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பது அடுத்த பதிவுக்கு வேண்டிய தெம்பை உறிஞ்சிவிடும்.

அறிகுறி: எழுத முடிகிறது, ஆனால் எழுதுவதே கசக்கிறது

இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள், மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது.

பர்ன்அவுட் என்று இன்று எல்லாரும் சொல்லும் நிலையை 1974-ல் எழுதி வைத்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில், மனமுவந்து வேலை செய்த தன்னார்வலர்கள் நாளாக நாளாக வற்றிப்போவதைப் பார்த்துத்தான் அதை எழுதினார், அவரே பகலில் தன் தொழிலை முடித்துவிட்டு இரவில் அங்கே உழைத்தவர். விரும்பிச் செய்யும் வேலையில் இது வராது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வேண்டாவெறுப்பாகச் செய்கிறவர் நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார், ஆசையாகச் செய்கிறவருக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது: தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பு வளர்வது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. நோய் என்று சொல்லவில்லை, சம்பள வேலைச் சூழலுக்குத்தான் அதை வரையறுத்தது. என்றாலும் தேதி போட்டு எழுதுகிற பதிவர்களிடம் இந்த மூன்றையும் நான் அப்படியே பார்க்கிறேன், குறிப்பாக இரண்டாவதை. வாசகர் அன்பாக ஒரு கேள்வி கேட்டால் எரிச்சல் வருகிறது, பின்னூட்டம் வந்த சத்தம் கேட்டாலே தோள் இறுகுகிறது என்றால் அது வெறும் அலுப்பு இல்லை.

சோதனை இது: ஒரு வாரம் முழுக்க எழுதாமல், தளத்தைத் திறக்காமல் இருங்கள். வார முடிவில் கை அரித்தால் உங்களுக்குத் தேவைப்பட்டது ஓய்வு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். ஒரு வாரம் போயும் நினைத்தாலே நெஞ்சு கனத்தால் அட்டவணையை நிறுத்துங்கள். குறைப்பது போதாது. இரண்டு வரியில் அறிவித்துவிடுங்கள்: இப்போதைக்குப் பதிவுகள் வராது, திரும்பும்போது சொல்கிறேன். திரும்பும் தேதியைக் குறிப்பிடாதீர்கள், தேதி போட்டால் அன்று முதலே அது துரத்த ஆரம்பிக்கும். கையிருப்பு இருந்தால் அதையும் வெளியிடாதீர்கள், திரும்பி வரும்போது அது தேவைப்படும். பின்னூட்ட அறிவிப்பை அணைத்துவிடுங்கள். எழுதத் தோன்றினால் நோட்டில் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

பதிவு மட்டுமில்லாமல் பாட்டு, சாப்பாடு, பிள்ளைகளோடு பேசுவது என்று பிடித்த எதிலும் ருசி இல்லை, தூக்கம் கெட்டிருக்கிறது என்றால் அதற்கு வலைப்பதிவு காரணமாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

அறிகுறி: ஒரு முறை தவறியது, அதற்குப் பின் திரும்பவே முடியவில்லை

ஒரு வாரம் போனது. அடுத்த வாரம் அதற்கும் சேர்த்து நல்லதாக ஒன்று போடலாம் என்று நினைத்தீர்கள். அது பெரிதாகிக்கொண்டே போனது. மூன்று மாதம் ஆன பிறகு இப்போது போட்டால் ஏன் காணவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் வேறு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் இதழில் வந்தது. பழக்கம் தானாக வருவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நமக்குத் தேவையான செய்தி, நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை என்பது. அவர்கள் பார்த்தது தினமும் செய்யும் சின்னச் செயல்களை, வாரம் ஒரு பதிவு அதைவிடக் கனமானதுதான். ஆனால் தவறிய வாரத்தைவிட, அதைப் பற்றி நாம் கட்டும் கதைதான் ஆளைத் தடுக்கிறது என்பதை நானும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அதனால் தவறியதை ஈடுகட்டாதீர்கள். போனது போனதுதான், அந்த வாரத்துக்கான பதிவு இனி யாருக்கும் கடன் இல்லை. மன்னிப்புப் பதிவும் வேண்டாம், "நீண்ட நாட்களுக்குப் பிறகு" என்று தொடங்கும் பதிவு வேண்டவே வேண்டாம், அதை எழுத உட்கார்ந்தால் மறுபடி அந்த மூன்று மாதக் கூச்சத்துக்குள்ளேயே போய் விழுவீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே சின்ன விஷயத்தை எடுங்கள்: ஒரு வாசகர் கேள்விக்குப் பதில், ஒரு படமும் நான்கு பத்தியும். முந்நூறு சொல் போதும். நீங்கள் வழக்கமாகப் போடும் கிழமையிலேயே, ஒன்றுமே நடக்காதது போல வெளியிடுங்கள்.

அடுத்தது இரண்டு வாரம் கழித்து. இப்படி நான்கு பதிவு வந்த பிறகு, கையிருப்பில் மூன்றும் சேர்ந்த பிறகு, பழைய வேகத்துக்குப் போகலாமா என்று யோசியுங்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதினைந்து தேதித் தாளைத்தான். பழைய வேகத்தில் இடைவெளி நீண்டுகொண்டே போயிருந்தது என்று அது காட்டினால் இரண்டு வாரத்துக்கு ஒன்றிலேயே இருந்துவிடுங்கள், தளத்தின் முகப்பில் "மாதம் இருமுறை" என்று எழுதிவிடுங்கள்.